சிலந்தி வளர்த்த சரித்திரம்

2021-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் முதல் வாரத்தில், மீனம்பாக்கம் விமான நிலையத்துச் சுங்க இலாகா உத்தியோகஸ்தர்கள், போலந்து தேசத்தில் தபாலில் சேர்க்கப்பட்டுத் தென் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுக்குப் போய்ச் சேர வேண்டியிருந்த ஒரு பொட்டலத்தின்மீது ஐயங்கொண்டு அதனைப் பிரித்துப் பார்த்தபோது, பஞ்சிலும் வெள்ளிநிறத் தாளிலும் சுற்றப்பெற்ற 107 சிறு பிளாஸ்டிக் குப்பிகள், கல்யாண வீட்டுத் தட்டில் அடுக்கிய குங்குமச் சிமிழ்களைப்போல் அமர்ந்திருக்கக் கண்டார்கள். ஒரு குப்பியைத் திறந்தார்கள். உள்ளே உயிருள்ள ஒரு சிலந்தி. மற்றொன்றைத் திறந்தார்கள், அதிலும் அப்படியே. விஷயம் தெரிந்தவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவினரும், இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல விஞ்ஞானிகளும் பரிசோதித்து, இவை மெக்ஸிகோவையும் அதனை அடுத்த மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட ‘பிராக்கிபெல்மா’ முதலிய பெருஞ்சிலந்தி இனங்கள் என்றும், சர்வதேச ஒப்பந்தத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவை என்றும் கூறினார்கள். இறக்குமதி அனுமதியோ சுகாதாரப் பத்திரமோ இன்றி வந்தமையால் பொட்டலம் ஜப்தி செய்யப்பட்டு, வந்த வழியே போலந்துக்குத் திருப்பி அனுப்பப்படுவதற்காகத் தபால் இலாகாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

பத்திரிகைகளில் இது ஒரு நாள் வேடிக்கைச் செய்தியாக வந்து மறைந்தது. ஆயினும், கிண்டியில் தொடங்கி மீனம்பாக்கம், பல்லாவரம், தாம்பரம், வண்டலூர் என இருப்புப்பாதையோடு தெற்கே நீளும் இந்தப் பிரதேசத்தின் சென்ற நூற்றாண்டுச் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு, அந்தப் பொட்டலம் தக்க இடத்தில்தான் வந்து அகப்பட்டது என்று தோன்றாமற் போகாது. மனிதர் கண்டு அஞ்சும் ஜந்துக்களைக் கொல்லாமல் வைத்துப் பேணி, அவற்றின் இயல்பை அறிந்து, அவற்றோடு வாழும் முறையைக் கற்றுக்கொள்ளும் பிரயத்தனம் தமிழ்நாட்டில் வேரூன்றிய இடங்களுள் இது தலையாயது. அந்தப் பிரயத்தனத்தின் கதையையும், அதன் கடைக்குட்டியாக இன்றைய இளைஞர் சிலரிடையே தோன்றியிருக்கும் சிலந்திக்குஞ்சு வளர்ப்பையும் ஒரு சேர நோக்கினால், இரண்டும் ஒரே பாடத்தைப் போதிப்பதைக் காணலாம்.

முதலில் சிலந்தியின்மீது நமக்குள்ள பயத்தின் வரலாற்றைச் சிறிது சொல்லவேண்டும். ‘சிலந்தி’ என்னும் சொல்லுக்குத் தமிழில் பூச்சி என்பதோடு, கொப்புளம், புண் என்னும் பொருள்களும் உண்டு. கிணற்றுநீரையும் குளத்துநீரையும் அப்படியே குடித்த காலத்தில், காலைத் துளைத்துக்கொண்டு நூல்போல் வெளிவந்த புழுவினால் உண்டான கொடிய வியாதிக்கு ‘நரம்புச் சிலந்தி’ என்று பெயர். 2000-ஆம் ஆண்டில் இந்தியா அந்த வியாதியினின்று விடுபட்டுவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. தோலில் எது கொப்புளித்தாலும் ‘எட்டுக்கால் பூச்சி ஊர்ந்திருக்கும்’ என்று பாட்டிமார் சொல்வதும், போகிக்கு முன்பு மூங்கிற் கழியில் துடைப்பத்தைக் கட்டி வீடெங்கும் ஒட்டடை அடிப்பதும் இந்தப் பயத்தின் இருவேறு முகங்கள். மேனாட்டாரும் இதற்கு விலக்கானவர்களல்லர். இத்தாலியின் தென்கோடியிலுள்ள தாரந்தோ நகரத்தின் பெயரால் ஒரு வயற்சிலந்திக்கு ‘டாரன்டுலா’ என்று பெயரிட்டு, அது கடித்தால் வெறிகொண்டு ஆடித்தான் விஷம் இறங்கும் என்று பல தலைமுறைகளாக நம்பி வந்தவர்கள் அவர்கள். பின்னர் அமெரிக்கக் கண்டத்தில் உள்ளங்கை அகலமுள்ள மயிரடர்ந்த சிலந்திகளைக் கண்டு அந்தப் பெயரையே அவற்றுக்கும் வழங்கினார்கள். உறவில்லாத ஒரு பூச்சியின் பழி, இந்தப் பெரிய ஜாதியின் தலையில் ஏறிற்று.

ஆனால் நம் நாட்டில் பயத்தோடு பக்தியும் கலந்திருந்தது. திருவானைக்காவின் ஸ்தலபுராணத்தை அறியாதார் யார்? வெண்ணாவல் மரத்தடியில் எழுந்தருளியிருந்த லிங்கத்தின்மேல் சருகு விழாதிருக்கும்படி ஒரு சிலந்தி தன் வாய்நூலால் விதானம் அமைத்தது. காவிரியிலிருந்து துதிக்கையால் நீர் முகந்து வந்து அபிஷேகம் செய்த யானைக்கு அந்த விதானம் ஒட்டடையாகத் தோன்றவே, அது நாள்தோறும் அதனைக் கலைத்தது. இறுதியில் சினங்கொண்ட சிலந்தி துதிக்கையினுள் புகுந்து கடிக்க, யானையும் மாண்டது, சிலந்தியும் மாண்டது. அச்சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டியது என்பது கதையின் முடிவு. இந்தக் கதையில் கொடியவர் எவரும் இல்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. யானை செய்ததும் சேவை. ஊற்றியதும் புனித நீர். அன்பின் மிகுதியினாலேயே ஒரு சிலந்தியின் வீடு அழிந்தது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

சாஸ்திர உலகம் நம் பெருஞ்சிலந்திகளை அறிந்துகொண்டது ரயில் வண்டி இந்நாட்டில் ஓடத் தொடங்கிய பிறகு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் சிலந்திகளுக்கும் தேள்களுக்கும் பொறுப்பாளராயிருந்த ரெஜினால்டு இன்னஸ் போகாக் என்பவர், இந்தியாவிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழும் ‘பீசிலோதீரியா’ என்னும் இனத்தைப்பற்றி 1899-ஆம் ஆண்டில் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதில் அவர் புதிதாகப் பெயரிட்டவற்றுள் ஒன்றுக்கு ‘ராஜரீகமானது’ என்னும் பொருள்பட ‘ரிகாலிஸ்’ என்று பெயர். அதற்கு ஆதாரமான மாதிரி கிடைத்த இடம் நம் அரக்கோணம். கால்களை விரித்தால் ஒரு சாண் அளவுக்கு வரும் அந்தச் சிலந்தியின் மேனியில் சாம்பலும் வெண்மையும் கருமையும் கோலமிட்டாற்போல் கலந்திருக்க, முன்கால்களின் உட்புறம் மட்டும் மஞ்சள் நிறம் பளிச்சிடும். அதே ஆண்டில் அவர் பெயரிட்ட மற்றொன்று, சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாகப் பம்பாய்க்குச் செல்லும் பாதையில் ஆந்திர தேசத்திலுள்ள குத்தி என்னும் ஊரில் கிடைத்தது. மயிற்கழுத்து நீலம் பூண்ட அந்த அழகியை ரயில்வே மரக்கிடங்கில் கண்டெடுத்தார்கள். அதன் உண்மையான காடு அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்தது. வெட்டிய மரத்தின் பொந்தில் உறங்கிக்கொண்டே டிக்கட்டில்லாமல் பிரயாணம் செய்திருக்கவேண்டும் என்று பிற்காலத்தார் ஊகித்தார்கள். ஆக, நம் சிலந்திகள் புட்டியிலிட்ட சடலங்களாக லண்டனுக்குக் கப்பலேறிய காலம் அது. 120 ஆண்டுகள் கழித்து அயல்தேசத்துச் சிலந்திகள் உயிரோடு குப்பியிலேறி நம் மீனம்பாக்கத்தில் வந்திறங்கின. இடையில் நிகழ்ந்த மாறுதல்தான் நம் சரித்திரம்.

சென்னை நகரத்தில் பிராணிகளை வைத்துக் காட்டும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் எட்வர்டு பால்பர் என்னும் வைத்தியர். 1851-இல் தோன்றிய அரசாங்கக் காட்சிச்சாலைக்குத் தலைவராயிருந்த அவர், உயிரில்லாத பொருள்களைக் காட்டிலும் உயிருள்ள பிராணிகளைக் காணவே ஜனங்கள் திரள்வதைக் கண்டு, 1855 அளவில் எழும்பூரிலேயே ஒரு மிருகக்காட்சிசாலையை அமைத்தார். அது பிறகு சென்ட்ரல் ஸ்டேஷன் அருகில் பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் பெயர்ந்தது. அரசாங்கக் காட்சிச்சாலைக்கே 1920 முதல் 1940 வரை தலைவராயிருந்த எப். எச். கிரேவ்லி, சோழர் காலத்துச் சிற்பங்களையும் கடற்கரைச் சிப்பிகளையும் ஆராய்ந்த அதே நிதானத்தோடு பெருஞ்சிலந்தி வர்க்கத்தையும் ஆராய்ந்து, 1915-இலும் 1935-இலும் அதனைப்பற்றிக் கட்டுரைகள் எழுதினார். இவ்விரு பெரியார்களின் தொண்டும் மதிக்கத்தக்கதே. எனினும், பால்பரின் பிராணிகள் கூட்டத்தைக் கவர்வதற்காக இருந்தன, கிரேவ்லியின் சிலந்திகள் வகைப்படுத்துவதற்காக இருந்தன. மனிதர் அஞ்சும் ஜந்துவோடு பழகி வாழும் பாடம் நகரத்துக்கு வெளியே, தெற்கே, காத்திருந்தது.

அந்தத் தெற்கு அக்காலத்தில் எப்படி இருந்தது? ஏரிகளும், பனந்தோப்புகளும், பாறைக் குன்றுகளும், காரையும் களாவும் மண்டிய புதர்க்காடுமாகக் கிடந்தது. தாம்பரத்தின் காற்று தூயது என்று கருதி, 1928-இல் டாக்டர் சௌரிமுத்து அங்கே க்ஷயரோகிகளுக்கு ஓர் ஆரோக்கிய ஸ்தலம் நிறுவினார். ‘சானடோரியம்’ என்று இன்றும் ரயில் நிலையத்துக்குப் பெயர் நிலைத்திருக்கிறது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. அதன்பின் நகரத்தின் நெரிசலில் தவித்துக்கொண்டிருந்த கிறிஸ்தவக் கல்லூரி, 1937-இல் தாம்பரத்துக்கு வந்து, சேலையூர்ப் பக்கத்துப் புதர்க்காட்டில் குடியேறியது. இரசாயனப் பேராசிரியராயிருந்தும் செடிகொடிகளில் மனத்தைப் பறிகொடுத்த எட்வர்டு பார்ன்ஸ் போன்றவர்கள் அந்தக் காட்டைப் பேணி வளர்த்தார்கள். மாலை வேளையில் மான் குறுக்கே ஓடும் கல்லூரி, பாம்புச் சட்டை மிதிபடும் ஒற்றையடிப் பாதை, மழைக்காலத்தில் தேளும் மரவட்டையும் வந்து எட்டிப்பார்க்கும் விடுதி அறை: இவற்றினிடையே படித்த மாணவர் தலைமுறைகளுக்கு இயற்கைச் சாஸ்திரம் புஸ்தகத்தோடு நின்றுவிடவில்லை.

சேலையூருக்கு வேறொரு பெருமையும் வரவிருந்தது. அமெரிக்காவில் பிறந்து, சிறு வயதிலேயே இந்தியாவுக்கு வந்து, பாம்புகளின்மீது தீராத மோகங்கொண்டவரான ரோமுலஸ் விட்டேக்கர், 1969-இல் இங்கேதான் தம் பாம்புப் பண்ணையைத் தொடங்கினார். நகரத்திலிருந்து வெகு தூரமாயினும் ஜனங்கள் வந்தார்கள். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள், சாரைக்கும் நாகத்துக்கும் உள்ள வேற்றுமையை ஒருவர் பொறுமையாக எடுத்துச் சொல்லக் கேட்டார்கள். 1972-இல் பண்ணை கிண்டிக்குப் பெயர்ந்து, இன்றும் அங்கே நடந்து வருகிறது. ஆனால் விட்டேக்கருக்கு ஆசான்களாக அமைந்தவர்கள் கிண்டியில் இல்லை. செங்கற்பட்டுச் சீமையின் வரப்புகளிலும் புதர்களிலும் திரிந்த இருளர்கள் அவர்கள். புழுதியில் ஊர்ந்த தடத்தைக் கண்டு இன்ன பாம்பு, எந்தத் திசை, எவ்வளவு நேரத்துக்கு முன்பு என்று சொல்லவல்ல அந்த மக்கள், பாம்பையும் எலியையும் தேடும் வேலையில் சிலந்தியையும் சாட்சிக்கு அழைக்கக்கூடியவர்கள். வளையின் வாயில் நூலாம்படை அறுபடாமல் இருந்தால், அண்மையில் அதன் வழியே எதுவும் போகவில்லை என்று பொருள்.

இருளரின் ஜீவனோபாயம் அக்காலத்தில் பாம்புத் தோல். தோலுக்காகவே எண்ணற்ற பாம்புகள் மாண்டன. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதி அடியோடு நின்றது. பாம்புகள் பிழைத்தன, அவற்றைப் பிடித்துப் பிழைத்தவர்களோ தவித்தார்கள். இந்தச் சங்கடத்திலிருந்து 1978-இல் தோன்றியதுதான், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, வாய்க்குத் துணி கட்டிய மண்பானைகளில் மூன்று நான்கு வாரங்கள் வைத்திருந்து, சில தடவைகள் விஷத்தை எடுத்தபின், மறுபடியும் பிடித்துவிடாதிருக்க வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, காட்டிலேயே விட்டுவிடுவது அவர்களுடைய முறை. அந்த விஷம்தான் விஷமுறிவு மருந்தாகி நாடெங்கும் உயிர்களைக் காக்கிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர்கள் பத்மஸ்ரீ விருது பெற்றபோது, இந்தப் பண்பட்ட தொழிலுக்கே மரியாதை கிடைத்தது.

இங்கே கருதவேண்டியது அந்த மண்பானை. இருட்டு, குளிர்ச்சி, கட்டிய வாய், கலைக்காத தனிமை ஆகிய நான்கையும் தவிரப் பிடிபட்ட பாம்பு வேறொன்றையும் வேண்டுவதில்லை என்பதை இருளர் அறிந்திருந்தார்கள். வருகிறவர்கள் கண்டு களிக்கக் கண்ணாடி அறை தேவை. பாம்பு நலமாயிருக்கப் பானை போதும். வளர்ப்பவனுடைய ஆசைக்கும் வளர்க்கப்படும் பிராணியின் தேவைக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சாதனம் வேறில்லை.

இனி, நகரத்தின் பொழுதுபோக்கு வளர்ப்பும் தெற்கே பெயர்ந்த கதையை ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். பறவையும் முயலும் விலைக்கு வாங்கச் சென்னைவாசிகள் சென்றுகொண்டிருந்த மூர் மார்க்கெட் 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் தீக்கிரையாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் மிருகக்காட்சிசாலை வண்டலூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. தென்புறத்தாருக்கோ பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கோழிக்குஞ்சும் புறாவும் லவ் பேர்ட்ஸும் சண்டைமீனும் வாங்கி வந்து, பாதியைச் சாகக்கொடுத்து, மீதியிடம் பாடம் கற்றுக்கொண்ட பிள்ளைகள் குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் தெருவுக்குத் தெரு உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைகளின் வாரிசுகளே இன்று சிலந்திக்குஞ்சை ‘ஸ்லிங்’ என்று செல்லமாகக் குறிப்பிட்டு வளர்க்க முற்படுகிறார்கள்.

சிலந்திக்குஞ்சை முதன்முறையாக வளர்ப்பவன் செய்யும் தவறுகளெல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள். அத்தாயின் பெயர் ஆர்வம். உளுந்து அளவே உள்ள ஒரு ஜீவனுக்கு மீன்தொட்டியளவு மாளிகை அமைப்பான்; அதில் குஞ்சு இரையைக் காணாது, அவன் குஞ்சைக் காணான். வேண்டியதெல்லாம் மாத்திரை டப்பா அளவில், மூடியிலும் பக்கத்திலும் ஊசித்துளைகள் இட்ட ஒரு சிமிழும், அடியில் சிறிது தேங்காய் நார்த்தூளும், ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டைத் துண்டுமே. மண்ணில் வளை தோண்டும் ஜாதிக்கு நார்த்தூள் ஆழமாயிருக்கவேண்டும். அரக்கோணத்து ராணியைப்போல் மரத்தில் வாழும் ஜாதிக்குச் சிமிழ் உயரமாயிருந்து பட்டை செங்குத்தாக நிற்கவேண்டும். இதற்குமேல் செய்வதெல்லாம் அலங்காரம். அதுவும் நமக்குத்தானேயன்றி அதற்கன்று.

அடுத்தது நீர். நாட்டுக்கு நாடு எழுதிவைத்த ஈரப்பதக் கணக்கைப் படித்துவிட்டு, காலையும் மாலையும் நீர் தெளித்துச் சிமிழைச் சேறாக்குவது வழக்கம். பெருஞ்சிலந்திக்கு வயிற்றின் அடியில் இரண்டு ஜோடி நுரையீரல்கள் உண்டு. மெல்லிய ஏடுகள் அடுக்கியதுபோலிருப்பதால் அவற்றைப் புஸ்தக நுரையீரல் என்பர். காற்றோட்டமில்லாத ஈரத்தில் பூஞ்சணமும் நுண்ணிய உண்ணிகளும் பெருகும். குஞ்சு வாடி மடியும். காற்றே மருந்து என்று க்ஷயரோகிகளுக்குச் சொன்ன தாம்பரத்தில் இந்தப் பாடத்தைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சுவரே வியர்க்கும் இந்த ஊரில், அப்போது நீர் தெளிப்பானைத் தொடாமலிருப்பதே நலம். கத்திரி வெயிலில் மட்டும் சிமிழைச் சுவரோரக் குளிர்ச்சியில் வைத்து, நார்த்தூளின் ஒரு மூலையை நனைத்து, ஒரு மூலையைக் காயவிட்டால், எங்கே இருப்பது என்பதைக் குஞ்சே தீர்மானித்துக்கொள்ளும்.

மூன்றாவது உணவு. தன் உடலைவிடச் சிறிய சுவர்க்கோழிக் குஞ்சோ, அதன் ஒரு காலோ, பழ ஈயோ, வாரத்துக்கு ஓரிரு முறை கொடுத்தால் போதும். மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடவேண்டும். ஊட்டி வளர்க்கும் தாய்க்குலத்தில் பிறந்த நமக்கு, ஒரு குஞ்சு பத்து நாள் உண்ணாவிட்டால் பொறுக்காது. ஆனால் வயிறு பருத்துக் கருத்து, அசையாமல், உணவை மறுத்து அது உட்கார்ந்திருந்தால், அது நோயன்று, சட்டை உரிக்கும் காலம். அப்போது உயிருள்ள சுவர்க்கோழி ஒன்றை உள்ளே விட்டால், தற்காப்பில்லாமல் கிடக்கும் குஞ்சை அந்த இரையே தின்றுவிடக்கூடும். வேட்டைக்காரனை விருந்து விழுங்கிற்று என்பது இதற்குத்தான் பொருந்தும்.

சட்டை உரிப்பதே இந்த வளர்ப்பில் மகா அதிசயமான கட்டம். ஒரு நாள் காலையில் பார்த்தால் குஞ்சு மல்லாந்து, எட்டுக் கால்களையும் விரித்துக் கிடக்கும். ‘செத்துவிட்டது’ என்று வீட்டார் தீர்ப்புச் சொல்லிக் குப்பைக்கு எடுத்துப்போவது இந்த வேளையில்தான். சிலந்தியின் காலை மடக்கத் தசை உண்டு. முக்கியமான மூட்டுகளை நீட்டத் தசை கிடையாது. உடலினுள் உள்ள திரவத்தின் அழுத்தமே கால்களை நீட்டுகிறது. ஆகையால் மாண்ட சிலந்தியின் கால்கள் அழுத்தம் குன்றி உள்ளே சுருண்டு, மூடிய கைபோல் ஆகிவிடும். மல்லாந்து கால் விரித்துக் கிடப்பது மரணமாகாது, அது மறுபிறப்பு. நேரம் சென்றபின் பழைய சட்டை ஒரு முழுச் சிலந்தியின் வடிவமாகவே அருகில் கிடக்க, புதியது வெளிறிய நிறத்தோடு, சற்றே பெரியதாகி எழுந்து நிற்கும். முன்பு இழந்த கால்கூட இப்படிச் சில உரிப்புகளில் மீண்டும் முளைத்துவிடும். பல் கெட்டிப்பட சில தினங்கள் செல்லும்; அதுவரையில் உணவு கூடாது. இந்தக் காலமெல்லாம் வளர்ப்பவனின் கடமை ஒன்றே: சும்மா இருத்தல்.

கையில் எடுத்து விளையாடுவதைப்பற்றிக் கேட்பவர்களுக்கும் இதுவே விடை. சிலந்தி தன்னை வளர்ப்பவனை அறியாது. கை என்பது அதற்கு அசையும் ஒரு தரை. சிறிது உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு பிளந்துவிடும். நம் நாட்டுப் பீசிலோதீரியாக்களோ மின்னல் வேகத்தின; அவை கடித்து மனிதர் இறந்ததில்லையாயினும், தசைப்பிடிப்பும் கடும் வேதனையும் நாட்கணக்கில் வாட்டும். மேலும், பிராக்கிபெல்மாப் பெண் சிலந்திகள் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்பவை. கல்லூரியில் சேரும்போது வாங்கிய குஞ்சு, வாங்கியவனுடைய பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும்போதும் அதே மூலையில் அமர்ந்திருக்கும். ஆசை ஒரு வாரத்தில் தணிந்துவிடுபவர்கள் இந்த விரதத்தை மேற்கொள்ளாதிருப்பது உத்தமம்.

விரதம் என்ற சொல்லைச் சட்டமும் இப்போது ஆமோதிக்கிறது. குத்தியில் கண்டெடுத்த நீலச் சிலந்தியைச் சாஸ்திர உலகம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மறுபடியும் காணவில்லை. 2001-இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் அது மீண்டும் புலப்பட்டது. அழிவின் விளிம்பில் நிற்பதாக அறிவிக்கப்பட்ட அதே சிலந்தியின் சந்ததிகள், அந்நிய நாடுகளில் வளர்ப்போரிடம் விலைக்குக் கிடைக்கும் விந்தையை என்னென்பது! 2004-இல் இராமேசுவரத்து ஹனுமவிலாசம் கோயிலின் புளியந்தோப்பில் வேறெங்கும் அறியப்படாத ஓரினம் கண்டுபிடிக்கப்பட்டு, அந்தக் கோயிலின் பெயராலேயே ‘ஹனுமவிலாசுமிகா’ என்று பெயர் பெற்றது. பத்தாண்டுகளுக்குப் பின் கடலுக்கு அக்கரையில், மன்னாரிலும் அது காணப்பட்டது. அதன் உலகம் முழுவதும் சில தோப்புகளும் பனைமரங்களுமே. 2019-இல் பீசிலோதீரியா இனம் முழுவதும் அருகிவரும் உயிர்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்ந்தது. 2022-இல் திருத்தப்பெற்று 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த நம் வனவிலங்குச் சட்டம், அப்பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரை வைத்திருப்பவரும் அதனைப் பதிவு செய்யவேண்டும் என்று விதித்தது. ஆகவே, சிமிழுக்கும் நார்த்தூளுக்கும் முன்னதாக, முதன்முறை வளர்ப்பவன் சம்பாதிக்கவேண்டியது பத்திரம். அது இல்லாத சிலந்தி, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், மீனம்பாக்கத்துப் பொட்டலத்தின் 108-ஆவது குப்பியே.

காட்டிலிருந்து பிடித்துவரலாமே என்பாரும் உண்டு. மரப்பொந்தில் வாழும் நம் பெருஞ்சிலந்தி, பொரித்த குஞ்சுகளை உடனே துரத்திவிடுவதில்லை. தாயும் குஞ்சுகளும் ஒரே பொந்தில் சில காலம் கூடி வாழ்வதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். குஞ்சைத் தேடிப் பட்டையைப் பெயர்ப்பவன் ஒரு குடும்பத்தின் கூரையைப் பெயர்க்கிறான். தாம்பரத்தைச் சுற்றிலும் பழமரங்கள் நாளுக்கு நாள் குறைந்து அடுக்குமாடிகள் எழும் இக்காலத்தில், பொந்துள்ள ஒரு முதிய புளியமரத்தை வெட்டாமல் விடுவது நூறு சிமிழ்களுக்கு ஈடான சிலந்தி வளர்ப்பு.

தோலுக்காகப் பாம்பைக் கொன்ற கைகளே பானைக்குத் துணி கட்டிவிட்டு ஒதுங்கி நிற்கப் பழகியதை இந்தச் சீமை பார்த்திருக்கிறது. அந்தப் பழக்கம் ஒரு தலைமுறையில் வந்தது. சிமிழின் முன் அமர்ந்து, இன்றைக்கு ஒரு சொட்டு நீர் விடலாமா, மூடியைத் திறந்து ஒரு குச்சியால் தொட்டுப் பார்க்கலாமா என்று துடிக்கும் புதிய வளர்ப்பாளனுக்கும் அது வராமற் போகாது. திருவானைக்காவில் சிலந்தியின் விதானத்தைக் கலைத்தது பகைவன் கையன்று, பக்தனின் துதிக்கை. அடுத்த பிறவியில் அரசனாக வந்த சிலந்தி, அந்த அனுபவத்தை மறவாமல், யானை ஏற முடியாத உயரத்தில் தன் சுவாமியை வைத்துக் கோயில் எடுத்தது. தாம்பரத்து வீட்டு அலமாரியில் இருக்கும் ஊசித்துளை மூடியிட்ட சிமிழும் ஒரு சிறு மாடக்கோயில்தான். அதனுள் நுழையக்கூடாத யானை, வளர்ப்பவனின் கை.